நாலு பக்கமும் பாடுற ஸ்பீக்கர எங்க வைக்கிறது, எந்த அம்ப் போடுறது: இலங்கை மலைநாட்டு வீடுகளுக்கு

ரெண்டு அம்ப் மாத்தினேன், ட்ரான்ஸ்போமர் வாங்கினேன், எல்லாம் சேத்து 60 ஆயிரம் ரூபாக்கிட்ட போச்சு, அப்பயும் பாட்டுல குரல் கலங்கித்தான் கேட்டுச்சு. கடைசில ஒரு ஞாயித்துக்கெழம ஹோல கழுவுறதுக்காக ரெண்டு ஸ்பீக்கரையும் செவுத்த விட்டு மூணு அடி முன்னால இழுத்து வச்சிருந்தோம். தரை காயுற வரைக்கும் சும்மா பாட்டு போட்டா, ஒரு வருஷமா நான் தேடின தெளிவு அங்க இருக்கு. காசு செலவில்ல. அதனாலதான் இத எழுதுறேன், ஒங்களுக்கு அந்த ஒரு வருஷமும் அந்தக் காசும் மிச்சமாகணும்.

சாதாரண ஸ்பீக்கர் முன்னால மட்டும் பாக்கும். நான் சொல்றது ஒம்னி ஸ்பீக்கர், டிரைவர் (பொக்ஸ்ல அதிர்ந்து சத்தம் போடுற வட்டம்) மேல பாத்து இருக்கும், அதுக்கு மேல கூம்பு மாதிரியோ மூடி மாதிரியோ ஒண்ணு இருக்கும், சத்தம் அதுல பட்டு சுத்தி நாலு பக்கமும் பரவும். நல்லா வச்சா ஹோல்ல எங்க ஒக்காந்தாலும், அடுப்படி வாசல்ல நின்னாலும்கூட, பாட்டு முழுசா கேக்கும். தப்பா வச்சா ஒரே இரைச்சல். ஏன்னா இதுல பாதி வேலைய செய்யிறது ஒங்க செவுரு. அத மறந்துட்டு அம்புக்கு காசு கொட்டினா சத்தம்தான் கூடும், தெளிவு வராது.

1. வாங்க முந்தி பின்பக்க லேபிள போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க

ஒம்னின்னு சொல்லி விக்கிறது எல்லாம் ஒரே ஜாதி இல்ல. ஜேர்மனில செய்யிற டுயூவெல் மாதிரி மேல பாத்த டிரைவரும் கூம்பும் இருக்கிறது ஒரு வகை. அமெரிக்காவோட ஓம் கம்பனி செய்யிற வோல்ஷ் டிரைவர் இன்னொரு வகை, அதுல டிரைவரோட கோனே தலைகீழா நின்னு சுத்திவர சத்தம் போடும். போஸ் 901ன்னு ஒண்ணு பழைய சாமான் கடைகள்ல சில நேரம் மாட்டும், அதுல 9 டிரைவர், 8 பின்னால பாத்து இருக்கும், அது செவுத்துல பட்டுத் திரும்பறதுக்குன்னே செஞ்சது. அதனால நான் கீழ சொல்ற மூணு அடி கணக்கு அதுக்கு சரிவராது, அதோட மெனுவல பாத்துதான் வைக்கணும். இன்னொண்ணு, அதோட கூட வர்ற ஈகுவலைசர் பெட்டி (எந்தச் சுருதி எவ்வளவு கேக்கணும்னு கூட்டிக் கொறைக்கிறது) இல்லாம 901 வாங்கவே வாங்காதீங்க, அது இல்லாட்டி பேஸும் (கீழ் சத்தம்) இல்ல, மேல் சத்தமும் இல்ல. சுவீடன்ல ஸ்டிக் கார்ல்சன் டிசைன் பண்ணின சொனாப் ஸ்பீக்கர்களும் செவுத்து ஓரமா வைக்கத்தான் செஞ்சது. பிறகு கடைகள்ல 360ன்னு எழுதியிருக்கிற உருண்டை புளூடூத் ஸ்பீக்கர், அது ஒண்ண மட்டும் வாங்கினா ஸ்டீரியோ இல்ல, இந்தக் கட்டுரை அதுக்கு ஒதவாது.

லேபிள்ல பாக்க வேண்டியது மூணு. ஓம் எவ்வளவு (4, 6, 8), அதாவது ஸ்பீக்கரோட மின் தடை. சென்சிட்டிவிட்டி (1 வொட்ல எவ்வளவு சத்தம் வரும்னு) எத்தன டெசிபல், அது லேபிள்ல இல்லாட்டி மெனுவல்ல இருக்கும். வொட்ஸ் எவ்வளவு தாங்கும். இந்த மூணையும் ஒரு கொப்பில எழுதி வைங்க, அம்ப் வாங்கப் போகையில கடையில கேட்டுக்கேட்டு முழிக்க வேண்டி வராது.

செகண்ட் ஹேண்ட்னா டிரைவர சுத்தி இருக்கிற ஓரத்த வெரலால மெதுவா தொட்டுப் பாருங்க. ரப்பர்னா நல்லது. ஃபோம்னா நம்ம ஊரு ஈரத்துக்கு பத்து பதினஞ்சு வருஷத்துல தூளா உதிரும், பாக்க நல்லா இருக்கும், தொட்டா பொடிப்பொடியா வரும். பழைய ஃபோம் ஸ்பீக்கர தொட்டுப் பாக்க விடாத ஆள்கிட்ட வாங்காதீங்க.

2. வெளிநாட்டுல இருந்து வருதுன்னா: பேப்பர், வரி, நாள்

எனக்கு இந்த ஸ்பீக்கர் ஜோடி கனடாவுல இருக்கிற அத்தை மகன் பாவிச்சது, அவர் அனுப்பினது. 'சொந்தக்காரர் அனுப்பினது, பழசு, வரி வராது'ன்னு எல்லாரும் சொன்னாங்க. நம்பாதீங்க. பழசானாலும் பரிசானாலும் சுங்கத்துல பெறுமதி போட்டுத்தான் பாப்பாங்க. வற் வரி 2024 ஜனவரில இருந்து 18 வீதம், அதோட சாமானுக்குரிய தீர்வையும் மத்த வரிகளும் இருக்கு. சாமான் விலைக்கு மட்டும் கணக்கு போடுறதில்ல, அனுப்புற கூலியையும் இன்சூரன்சையும் சேத்த தொகைக்குத்தான் கணக்கு. சுங்கத் திணைக்களத்தோட வெப்சைட்ல டாரிஃப் அட்டவணை இருக்கு. ஸ்பீக்கருக்கும் அம்புக்கும் 8518ன்னு தொடங்குற இலக்கம், பல டிரைவர் உள்ள பொக்ஸ் 8518.22, அம்ப்ளிஃபையர் 8518.40. சாமான் அனுப்ப முந்தி அத பாத்துடுங்க, அனுப்பின பொறகு பாத்து ஒண்ணும் ஆகாது.

கூரியர் கூலில ஒரு பொறி இருக்கு. எடைய மட்டும் பாக்க மாட்டாங்க, பெட்டி எவ்வளவு எடம் பிடிக்குதுன்னும் பாப்பாங்க. நீளம், அகலம், உயரம் மூணையும் சென்டிமீட்டர்ல பெருக்கி 5000ஆல பிரிச்சா வர்றது 'வொலியூம் கிலோ'. 45க்கு 35க்கு 35 பெட்டின்னா 11 கிலோ, உள்ள சாமான் 7 கிலோதான் இருந்தாலும் 11 கிலோக்குத்தான் காசு. என் ஸ்பீக்கர் ரெண்டையும் ரெண்டு பெரிய பெட்டில, சுத்திவர கையளவு எடம் விட்டு அனுப்பிட்டாங்க, அந்த வெறும் எடத்துக்கும் சேத்து கட்டினேன். ஆனா ரொம்ப சின்னப் பெட்டியும் ஆகாது, மேல இருக்கிற கூம்பு இடிபட்டா அத நேராக்க முடியாது. கூம்ப சுத்தி மட்டும் நல்லா பஞ்சு வச்சு, மத்த பக்கம் ரெண்டு அங்குலம் போதும்னு சொல்லுங்க.

எடுக்கப் போகையில கையில வச்சிருக்க வேண்டியது: வந்த நோட்டீஸ், ஐடென்டிட்டி கார்டும் அதோட ரெண்டு போட்டோ கொப்பியும், ட்ரெக்கிங் நம்பர், சாமானுக்கு காசு கட்டின ரிசீட் (பழைய சாமான்னா அதே மொடல் இப்ப செகண்ட் ஹேண்ட்ல என்ன விலை போகுதுன்னு காட்டுற ஒரு பக்கத்த பிரின்ட் எடுத்து). வேற ஆள அனுப்புறீங்கன்னா ஒங்க கையெழுத்து போட்ட கடிதமும் அவங்க ஐடென்டிட்டி கார்டும். நான் ரிசீட் இல்லாம ஹட்டன்ல விடியக்கால பஸ் ஏறி கொழும்புக்குப் போனேன், அத கொண்டு வாங்கன்னு திருப்பி அனுப்பிட்டாங்க, மறுபடி ஒரு நாள் லீவு போட்டுப் போனேன். நோட்டீஸ் கெடச்சதுல இருந்து ஸ்பீக்கர் வீடு வந்து சேர எனக்கு 19 நாள் ஆச்சு. பேப்பர் சரியா இருந்திருந்தா அதுல ஒரு வாரம் கொறைஞ்சிருக்கும்.

உள்ள அம்ப் இல்லாத வெறும் ஸ்பீக்கரா இருந்தா கரண்ட் பிரச்சின இல்ல. ஆனா கனடா, அமெரிக்காவுல இருந்து சப்வூஃபர் (உள்ளயே அம்ப் இருக்கிற பேஸ் பொக்ஸ்) அனுப்பினா அது 120 வோல்ட். நம்ம 230ல நேரா குத்தினா அன்னைக்கோட அது போச்சு.

3. ரூம அளந்து பேப்பர்ல வரைங்க

டேப் எடுத்து நீளம், அகலம், உயரம் மூணையும் அளங்க. லயக் காம்பரான்னா (தோட்டத்து லைன் வீட்டு ரூம்) பெரும்பாலும் 10க்கு 12 அடி. ஏழு பேர்ச் காணில கட்டிக் குடுத்த 550 சதுர அடி வீடுன்னா ஹோல் அதவிட கொஞ்சம் பெருசு. எங்க ஹோல் 11க்கு 14, சீலிங் 9 அடி.

எதுக்கு அளக்கிறோம்னா ஒவ்வொரு ரூமுக்கும் சில பேஸ் சுருதிங்க மட்டும் ஊதிப்போயி நிக்கும். சத்தம் ஒரு செகண்டுக்கு ஏறக்குறைய 340 மீட்டர் போகும். 340ஐ ரூம் நீளத்தோட ரெண்டு மடங்கால பிரிங்க. 14 அடின்னா 4.27 மீட்டர், 40 ஹெர்ட்ஸ் வரும். 11 அடிக்கு 51. இந்த ரெண்டு சுருதிலயும் எங்க ஹோல்ல பேஸ் கும்முனு நிக்கும். 12 அடி காம்பரால 46, 47க்கிட்ட நிக்கும். கொப்பில எழுதி வைங்க, 9ஆவதுல வேணும்.

பிறகு ஹோல் நடுவுல நின்னு பலமா கைதட்டிப் பாருங்க. 'டிர்ர்ர்'னு ஒரு அதிர்வு பின்னால வந்தா எதிரெதிர் செவுரு ரெண்டும் மொட்டையா இருக்குன்னு அர்த்தம். அதையும் குறிச்சு வைங்க.

4. எடம். இதுதான் முக்கியம், ஒரு சனி ஞாயிறு முழுசா இதுக்கே ஒதுக்குங்க

சத்தம் ஒங்க காதுக்கு ரெண்டு தடவ வருது, ஒண்ணு ஸ்பீக்கர்ல இருந்து நேரா, மத்தது செவுத்துல பட்டு. செவுத்துக்கு அரை அடில ஸ்பீக்கர் இருந்தா பட்டு வர்றது நேரா வர்றதவிட ஒரு மில்லி செகண்டுக்கும் கொறஞ்ச நேரந்தான் பிந்தும். காதுக்கு ரெண்டையும் பிரிக்கத் தெரியாது, எல்லாம் ஒண்ணா கலந்து குரல் தடிச்சுப் போகும். மூணு அடி தள்ளி வச்சா போக மூணு வர மூணு, ஆறு அடி கூட ஓடணும், ஏறக்குறைய 5 மில்லி செகண்ட் பிந்தும். அப்ப காது முதல்ல வந்தத பிடிச்சு 'பாட்டு அங்க இருந்து வருது'ன்னு முடிவு பண்ணிடும், பிந்தி வர்றது ஹோல் பெருசான மாதிரி ஒரு விரிவக் குடுக்கும். முன்னால மட்டும் பாக்குற ஸ்பீக்கருக்கு இது அவ்வளவு கடுமையா தெரியாது, ஏன்னா அது பின்னால மேல் சத்தம் அனுப்புறதில்ல. நம்மளோடது அனுப்பும்.

செய்யிற முறை:

பின் செவுத்துல இருந்து 3 அடில தொடங்குங்க, அளக்கிறது டிரைவர் நடுவுல இருந்து. பக்கத்துச் செவுத்துல இருந்து 3 அடி வைக்காதீங்க, 2 அல்லது 2¼ அடி வைங்க. ரெண்டு தூரமும் ஒண்ணா இருந்தா ரெண்டு செவுரும் சேந்து ஒரே பேஸ் சுருதிய விழுங்கிடும். 340ஐ தூரத்தோட நாலு மடங்கால பிரிச்சா எது விழுங்கப்படும்னு தெரியும், 3 அடிக்கு 93 ஹெர்ட்ஸ், 2¼ அடிக்கு 124. வேற வேற எடத்துல கொஞ்சங் கொஞ்சமா விழுங்கினா காதுக்குப் பெருசா தெரியாது, ஒரே எடத்துல விழுங்கினா தப்பு மேளம் அடிக்கிற சத்தத்துல அந்த நெஞ்சுல மோதுற அடியே இருக்காது. நான் இதுக்கு சோதிக்கிறது எங்க தோட்டத்துல காமன் கூத்துக்கு அடிச்ச தப்ப போன்ல பதிஞ்சத. பக்கத்துல நின்னு கேட்டதால அது எப்படி கேக்கணும்னு எனக்குத் தெரியும். நீங்களும் நேர்ல கேட்ட ஒரு சத்தத்த வச்சு சோதிங்க.

எங்க 11 அடி அகலத்துல ரெண்டு ஸ்பீக்கருக்கும் நடுவுல 6½ அடி வந்துச்சு. ஒக்காருற எடம் ஸ்பீக்கர்ல இருந்து 7, 7½ அடி, நமக்குப் பின்னால மூணு அடியாவது வெளி விடுங்க. செட்டிய (சோஃபாவ) பின் செவுத்தோட ஒட்டிப் போட்டா பேஸ் ஊதும்.

இப்ப போன்ல செட்டிங்ஸ்ல மோனோ ஓடியோ (ரெண்டு ஸ்பீக்கர்லயும் ஒரே சத்தம்) ஒன் பண்ணி ஒரு ஆள் பேசுற பதிவு ஏதாவது போடுங்க, செய்தி வாசிக்கிறது நல்லது. குரல் சரியா நடுவுல நிக்கணும். ஒரு பக்கம் சாஞ்சா அந்தப் பக்க ஸ்பீக்கர ரெண்டு அங்குலம் பின்னால தள்ளுங்க, திரும்பக் கேளுங்க. ஒவ்வொரு தடவையும் ரெண்டு அங்குலத்துக்கு மேல அசைக்காதீங்க, ஒரு நேரத்துல ஒரு ஸ்பீக்கர மட்டும் அசைங்க. குரல் நடுவுல வந்தாலும் தலை பக்கத்துல மிதக்குற மாதிரி, எங்க இருக்குன்னு பிடிபடாத மாதிரி இருந்தா ஒரு ஸ்பீக்கர்ல வயர் மாறிக் குத்தியிருக்கு. ரெண்டு ஸ்பீக்கரையும் ஒண்ணோட ஒண்ணு கிட்ட வச்சு மோனோல போடுங்க, பேஸ் செத்துப் போயிருந்தா ஒரு ஸ்பீக்கர்ல மட்டும் சிவப்பையும் கறுப்பையும் மாத்திக் குத்துங்க. இத முதல் நாளே பாத்துடுங்க. நான் ரெண்டு மாசம் பாக்கல.

10க்கு 12 காம்பரால மூணு அடி முன்னால இழுத்தா நடக்க எடம் இருக்காது, எனக்குத் தெரியும், நானும் லயத்துல வளந்தவன்தான். அப்ப ரெண்டு அடி வச்சு, பின் செவுத்துல ஸ்பீக்கருக்கு நேர் பின்னால மட்டும் ஒரு கம்பளிய நாலா மடிச்சு தொங்க விடுங்க. மூணு அடி மாதிரி வராது, ஆனா அரை அடிக்கும் அதுக்கும் பெரிய வித்தியாசம். இல்லாட்டி கேக்குற நேரம் மட்டும் முன்னால இழுங்க, கேட்டு முடிய தள்ளி வைங்க, தரைல செலோடேப்பால குறி போட்டா போதும்.

பக்கத்து வீட்டோட பொதுச் செவுரு இருந்தா அந்தச் செவுத்துப் பக்கம் ஸ்பீக்கர வைக்காதீங்க. சாதாரண ஸ்பீக்கர்ல பின்னால பேஸ் மட்டுந்தான் போகும், இதுல எல்லாமே போகும், அதுவும் லயத்துல செவுத்துக்கும் தகரத்துக்கும் நடுவுல இடைவெளி இருந்தா கேக்கவே வேணாம். அடுத்த வீட்டு அக்கா ஒருநாள் வந்து, "தம்பி, ஒங்க பாட்டு நல்லாத்தான் இருக்கு, ஆனா புள்ள காலைல பரீட்சைக்குப் போகணும்ப்பா"ன்னு ரொம்ப தன்மையாத்தான் சொன்னாங்க. அன்னைக்கே எதிர்ப் பக்கம் மாத்திட்டேன். அவங்களக் கூப்பிட்டு அவங்க வீட்டுல நின்னு கேட்டும் பாத்தேன், நீங்களும் அப்படிப் பாருங்க.

5. உயரம், பிறகு மேல எதையும் வைக்காதீங்க

கூம்பு இருக்கிற எடம் ஒக்காந்த காது உயரத்துக்கு வரணும், தரைல இருந்து மூணு அடி, மூணே கால். ஸ்டேண்ட் வாங்க வேணாம். நான் ஆறு அங்குல சீமெந்துக் கல்லு அடுக்கி மேல ஒரு பலகை போட்டு, கல்லு ஆடாம இருக்க நடுவுல சைக்கிள் டியூப் துண்டு வச்சேன். சின்னப் புள்ளைங்க இருக்கிற வீடுன்னா கல்லு அடுக்காதீங்க, தச்சுப் பாஸ்கிட்ட சொல்லி அடி அகலமா ஒரு ஸ்டேண்ட் செஞ்சுக்குங்க.

சாதாரண பொக்ஸ் மேல எது வச்சாலும் பெருசா பாதிக்காது. இதுல மேல் பக்கந்தான் வாயே. எங்க அம்மா ஸ்பீக்கர் மேல லேஸ் துணி விரிச்சு, அதுக்கு மேல பிளாஸ்டிக் பூச்சாடி வச்சு அழகு பாத்தாங்க, மேல் சத்தம் பாதி போயிடுச்சு, நான் ட்வீட்டர் (மேல் சத்தம் போடுற சின்ன டிரைவர்) போச்சுன்னு நினைச்சு ரிப்பேர் பாஸ கூப்பிட்டு கழட்டிப் பாக்க 1,500 ரூபா குடுத்தேன். துணி, பூ, சாமிப் படம், ரிமோட் எதுவும் மேல வேணாம். பக்கத்துல டிவி, அலுமாரி இருந்தா ஒரு அடியாவது தள்ளி இருக்கணும்.

6. செவுரு, தகரம், தரை

ஸ்டூடியோ மாதிரி எல்லாத்தையும் ஃபோம் ஒட்டி மூடிடாதீங்க. இந்த ஸ்பீக்கருக்கு செவுத்துல பட்டு வர்ற சத்தம் வேணும், முழுசா உறிஞ்சிட்டா செத்துப்போன மாதிரி இருக்கும். வேண்டியது ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறது. இடப்பக்கம் கண்ணாடி ஜன்னல், வலப்பக்கம் தடிச்ச திரைச்சீலைன்னா குரல் எப்பயும் கண்ணாடிப் பக்கம் சாயும், எவ்வளவு பேலன்ஸ் திருப்பினாலும் சரியாகாது. ஜன்னலுக்கும் ஒரு திரை போடுங்க.

சீமெந்துத் தரைன்னா ஸ்பீக்கருக்கும் செட்டிக்கும் நடுவுல ஒரு கார்ப்பெட் போடுங்க. கைதட்டினப்ப 'டிர்ர்' கேட்ட செவுத்துல புத்தக அலுமாரி ஒண்ணு வச்சா போதும், புத்தகங்க முன்பின்னா இருக்கிறதே நல்லது.

சீலிங் இல்லாத தகரக் கூரைன்னா பேஸுக்கு தகரம் எங்கயாவது ஆடும். ஸ்பீக்கர குத்தம் சொல்லாதீங்க. ஒருத்தர் உள்ள பாட்டு போட, ஒருத்தர் நீளக் கம்பால தகரத்த ஒவ்வொரு எடமா அமத்திப் பாருங்க, சத்தம் நிக்கிற எடத்துல ஆணி லூசா இருக்கும், வொஷர் போட்டு இறுக்கினா சரி. மழை பெய்யிற நேரம் எந்தச் சோதனையும் பண்ணாதீங்க. தகரத்துல மழை அடிக்கிற சத்தத்த மீறணும்னு வொலியூம கூட்டித்தான் பல பேரு ட்வீட்டர எரிக்கிறாங்க. ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியாப் பக்கம் மே மாசத்துல இருந்து செப்டெம்பர் வரைக்கும் இது பெரிய தொல்லை. பதுளை, பண்டாரவளைப் பக்கம் அந்த மாசங்கள் கொஞ்சம் காய்ஞ்சு இருக்கும்.

7. அம்ப்

எடம் சரியான பொறகுதான் இதுக்கு வாங்க. ஒரு வாரம் இருக்கிற அம்போடயே கேளுங்க.

கணக்கு இதுதான். ஸ்பீக்கர் 86 டெசிபல்னு போட்டிருந்தா 1 வொட்ல ஒரு மீட்டர் தூரத்துல 86. 10 வொட்ல 96. 100 வொட்ல 106. வொட் ரெண்டு மடங்கானா 3 டெசிபல்தான் கூடும், காதுக்கு அது கொஞ்சந்தான். அதனால 50 வொட் அம்ப வித்துட்டு 70 வொட் அம்ப் வாங்குறது வீண் செலவு. இந்த வகை ஸ்பீக்கர்ல சத்தம் எல்லாப் பக்கமும் பிரியறதால வொட் கொஞ்சம் கூட வேணும்தான், ஆனாலும் 11க்கு 14 ஹோலுக்கு ஒரு பக்கத்துக்கு உண்மையான 40, 50 வொட் போதும். முத்தத்துல கல்யாணத்துக்கு வைக்க இது ஆகாது. வெளில செவுரு இல்ல, தூரம் ரெண்டு மடங்கானா 6 டெசிபல் கொறையும், 200 வொட் போட்டாலும் நாலாவது வரிசைக்குப் போகாது.

'உண்மையான'ன்னு ஏன் சொன்னேன்னா, பெட்டில பிஎம்பிஓ (விளம்பரத்துக்குப் போடுற உச்சக் கணக்கு) 3000 வொட்னு எழுதியிருக்கும். அந்த எண்ண மறந்துடுங்க. பின்னால அடப்டர்ல பாருங்க, 12 வோல்ட் 5 அம்பியர்னா பெருக்கினா 60 வொட். சுவத்துல இருந்து வர்றதே 60னா ஸ்பீக்கருக்கு 3000 எப்படிப் போகும்? என் முதல் அம்ப் அதுதான், 9,500 ரூபா, உள்ள டிபிஏ 3116ன்னு ஒரு சிப். சிப் நல்ல சிப், கூட குடுத்த 12 வோல்ட் அடப்டர்தான் வீக். 24 வோல்ட் 5 அம்பியர் அடப்டர் போட்டிருந்தா (அந்த சிப் 26 வோல்ட் வரை தாங்கும், ஆனா ஒங்க போர்ட்ல எவ்வளவு எழுதியிருக்குன்னு பாத்துட்டுத்தான் போடணும்) எங்க ஹோலுக்கு அதுவே போதுமா இருந்திருக்கும். அது தெரியாம பெட்டா முதலாம் குறுக்குத் தெருவுல அலைஞ்சு ஜப்பான் ரீகண்டிஷன் அம்ப் ஒண்ணு 38,000க்கு வாங்கினேன்.

ஜப்பான் அம்ப் வாங்குறவங்க கவனிங்க. பின்னால 100 வோல்ட்னு இருக்கும். 230ல குத்தினா புகை. ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்போமர் வேணும், எனக்கு 11,000 ஆச்சு, அம்ப் விலையோட இதையும் சேத்துத்தான் கணக்கு பாக்கணும். ட்ரான்ஸ்போமர்ல ரெண்டு விசயம்: 110 குடுக்கிறதுதான் கடைல சுலபமா கெடைக்கும், 100 குடுக்கிறதக் கேட்டு வாங்குங்க, மீட்டர் வச்சு அளந்து காட்டச் சொல்லுங்க. 110ல ஓடினா அம்ப் தேவையில்லாம சூடாகும். ரெண்டாவது, அம்ப் பின்னால 180 வொட்னு இருந்தா ட்ரான்ஸ்போமர் 300 வீஏக்கு (அது தாங்குற பாரத்தோட அளவு) குறையக் கூடாது. ரிசீட்ல மொடல் நம்பரும், எத்தன நாளைக்கு மாத்தித் தருவாங்கன்னும் எழுதி வாங்குங்க. வாயால சொன்ன கியாரண்டிய வச்சு ஒண்ணும் செய்ய முடியாது, எனக்கு ஒரு கடைல அப்படி ஆச்சு.

ஓம் கணக்கு: அம்ப் பின்னால '6 – 16 ஓம்'னு இருந்தா 4 ஓம் ஸ்பீக்கர் போடாதீங்க. மெதுவா போட்டா ஓடும், சத்தம் கூட்டினா சூடாகி நிக்கும். ஏ, பீ ரெண்டு ஜோடி ஸ்பீக்கர் குத்துற எடம் இருக்குன்னு அடுப்படிக்கும் ஒரு ஜோடி போட்டீங்கன்னா, நிறைய அம்புல 6 ஓம் 3 ஓம் ஆயிடும்.

வொலியூம் கூட்டக் கூட்ட சத்தம் கரகரன்னு கிழியத் தொடங்கினா உடனே கொறைங்க. அம்ப் மூச்சு முட்டுதுன்னு அர்த்தம், அந்தக் கிழிசல்தான் ட்வீட்டர எரிக்கும். சின்ன அம்ப கத்த விடுறது பெரிய அம்ப பாதில ஓட்டுறதவிட ஆபத்து. போன்ல வொலியூம 80, 90 வீதத்துல வச்சு, மிச்சத்த அம்புல கூட்டுங்க. லௌட்னஸ் பட்டன ஓஃப் பண்ணுங்க.

அம்ப அலுமாரிக்குள்ள மூடி வைக்காதீங்க. நுவரெலியா 1,868 மீட்டர் உயரம், அங்க காத்தோட அழுத்தம் கடலோரத்தவிட ஏறக்குறைய அஞ்சில ஒரு பங்கு கொறைவு, அந்த மெல்லிசு காத்து சூட்ட மெதுவாத்தான் எடுத்துட்டுப் போகும். குளிர் கொஞ்சம் ஈடுகட்டுது, ஆனா மேல நாலு அங்குலம் வெளி கட்டாயம் விடுங்க.

8. வயர்

சுத்தமான செம்பு, 1.5 சதுர மில்லிமீட்டர், ஒரு பக்கத்துக்கு 5 மீட்டர் வரைக்கும் போதும். அதவிட நீளம்னா 2.5. மீட்டர் ஆயிரக்கணக்குல விக்கிற வயர் எதுவும் வேணாம். செம்பு பூசின அலுமினிய வயரும் கடைல இருக்கு, நுனிய சொரண்டினா வெள்ளையா தெரியும், அத வாங்காதீங்க. ஆறு மாசத்துக்கு ஒருக்கா நுனில பச்சை பிடிச்சிருக்கான்னு பாத்து, அரை அங்குலம் வெட்டி புதுசா முறுக்கிக் குத்துங்க, நம்ம பக்கத்து பனிக்கு இது கட்டாயம்.

9. கடைசியா ஈகுவலைசர்

3ஆவதுல எழுதின எண்கள எடுங்க. எங்க வீட்டுல 40, 51. கம்ப்யூட்டர் இருந்தா ரூம் ஈகியூ விசார்ட்னு ஒரு சொஃப்ட்வெயார் இலவசம், இல்லாட்டி போன்ல ஸ்பெக்ட்ரம் காட்டுற ஆப் ஒண்ணு போதும், போன் மைக் ரொம்ப கீழ சரியா காட்டாது, ஆனா எங்க ஊதுதுன்னு பிடிபடும். ஊதுற எடத்த 3, 4 டெசிபல் கொறைங்க. பள்ளமா இருக்கிற எடத்த கூட்டாதீங்க, அந்தப் பள்ளம் செவுத்தால வந்தது, எவ்வளவு அம்ப் குடுத்தாலும் செவுரு விழுங்கும், ஸ்பீக்கருக்குத்தான் பாரம். 300 ஹெர்ட்ஸுக்கு மேல தொட வேணாம்.

10. இடி, கரண்ட், ஈரம்

மார்ச் ஏப்ரலும் ஒக்டோபர் நவம்பரும் பின்னேரத்துல இடி அடிக்கிற காலம். மேகம் கறுத்தா ப்ளக்க கழட்டுங்க, சுவிட்ச ஓஃப் பண்றது மட்டும் காணாது. இன்னொரு வழி இருக்கு, பல பேருக்கு அது நினைவு வர்றதில்ல: கூரைல இருக்கிற டிஷ் அன்டனா வயர் டிவிக்குப் போகுது, டிவில இருந்து ஒரு வயர் அம்புக்கு வருது. ப்ளக் எல்லாம் கழட்டியும் எங்க லைன்ல ஒரு வீட்டுல டிகோடரும் அம்பும் சேந்து போச்சு, அந்த வழியாத்தான். அன்டனா வயரையும் கழட்டுங்க.

கரண்ட் போனா அம்ப் சுவிட்ச ஓஃப் பண்ணுங்க, வந்து அஞ்சு நிமிஷம் பொறுத்துப் போடுங்க. பாட்டு போடாதப்பவும் ஸ்பீக்கர்ல 'ம்ம்ம்'னு உறுமல் இருந்தா வயரிங் பாஸ கூப்பிட்டு வீட்டு ஏர்த் சரியா இருக்கான்னு பாக்கச் சொல்லுங்க, ட்ரிப் சுவிட்ச்ல டெஸ்ட் பட்டன அமத்திப் பாக்கச் சொல்லுங்க. அது பாட்டுக்கு மட்டுமில்ல, உசுருக்கும் வேணும்.

வாரத்துல ரெண்டு தடவையாவது அம்ப அரை மணித்தியாலம் ஓட விடுங்க, அந்தச் சூட்டுலயே உள்ள ஈரம் காயும். ஊருக்குப் போயி மாசக்கணக்கா பூட்டி வைக்கிறதா இருந்தா ஸ்பீக்கர் கூம்புக்கு மேல ஒரு பருத்தித் துணி போட்டு மூடுங்க, பொலித்தீன் வேணாம், உள்ள பூஞ்சணம் பிடிக்கும். திரும்பி வந்து பாட்டு போட முந்தி அந்தத் துணிய எடுங்க.